ஓட்டக் கைக்கடிகாரம் எத்தனை ஆண்டு உழைக்கும்? – ஒரு வரலாறு

ஓட்டப் பயிற்சி செய்பவர்கள் நேரம், தூரம், வேகம், இதயத்துடிப்பு ஆகியவற்றை அளக்க மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கருவி ஓட்டக் கைக்கடிகாரம் எனப்படுகிறது. சாதாரணக் கைக்கடிகாரத்துக்கு இல்லாத சோதனைகள் இதற்கு உண்டு. வியர்வை, மழை, வெயில், ஓயாத குலுக்கல் எல்லாவற்றையும் இது தாங்கியாக வேண்டும். விலையும் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல பத்தாயிரம் வரை போகிறது. ஆகவே வாங்குபவர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. எத்தனை வருடம் உழைக்கும்? கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள்?

கடந்த 40 ஆண்டுகளில் இவ்விரு கேள்விகளின் முக்கியத்துவம் இடம் மாறிவிட்டது. 1980களில் கடிகாரம் போய்விட்டது என்றால் கண்ணாடி உடைந்தது அல்லது உள்ளே தண்ணீர் புகுந்தது என்று பொருள். இன்று ஒரு கீறலும் விழாத கடிகாரம்கூட, அதைச் செய்த நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்ட நாளில் பாதிப் பயனை இழந்துவிடுகிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைக் காண்போம்.

உடையாத கடிகாரம்

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் அமெரிக்கர் பிராங்க் ஷார்ட்டர் தங்கம் வென்றார். அதன்பின் அமெரிக்காவில் சாதாரண மக்களும் காலை ஓட்டத்தில் இறங்கினர். அதுவரை ஓட்டத்துக்கு நேரம் பார்ப்பது பயிற்சியாளரின் வேலை. அவர் கையில் சாவி கொடுக்கும் ஸ்டாப் வாட்ச் இருக்கும். (நான் பணியாற்றிய பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் அப்படி ஒன்றைக் கழுத்தில் மாட்டியிருப்பார். எத்தனையோ விளையாட்டு விழாக்களைப் பார்த்த வாட்ச் அது.) பயிற்சியாளர் இல்லாமல் தனியே ஓடுபவருக்கு ஸ்டாப் வாட்ச் மணிக்கட்டிலேயே தேவைப்பட்டது. அப்போது வந்திருந்த டிஜிட்டல் கடிகாரங்கள் அதைத் தந்தன. ஆனால் அவை மென்மையானவை. கீழே விழுந்தால் தீர்ந்தது.

ஜப்பானின் கேசியோ நிறுவனத்தில் கிகுவோ இபே என்ற பொறியாளர் இருந்தார். அவருடைய தந்தை பரிசளித்த கைக்கடிகாரம் ஒருநாள் கீழே விழுந்து சிதறியது. விழுந்தாலும் உடையாத கடிகாரம் செய்ய வேண்டும் என்று 1981இல் அவர் முயற்சியைத் தொடங்கினார். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக் கூடாது, 10 பார் நீர் அழுத்தத்தைத் தாங்க வேண்டும், பேட்டரி 10 ஆண்டு வர வேண்டும் என்பது இலக்கு. மாதிரிகளைச் செய்து, ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடிக் கழிவறைச் சன்னலிலிருந்து கீழே போட்டுப் பார்த்தார். ஏறத்தாழ 200 மாதிரிகள் வீணாயின. ஒரு பகுதியை வலுப்படுத்தினால் வேறொரு பகுதி உடைந்தது.

தீர்வு ஒரு பூங்காவில் கிடைத்தது. ஒரு சிறுமி பந்தைத் தட்டி விளையாடுவதைப் பார்த்தபோது, பந்தின் உள்ளே நடுவில் இருக்கும் பொருளுக்கு அதிர்ச்சி எட்டாது என்று அவருக்குத் தோன்றியது. கடிகாரத்தின் இயங்கு பகுதியைக் கூட்டோடு இறுக்கிப் பிணைக்காமல், சில புள்ளிகளில் மட்டும் தாங்கி, மிதப்பதுபோல் வைத்தார். 1983 ஏப்ரலில் டி.டபிள்யூ. 5000சி என்ற முதல் ஜி-ஷாக் விற்பனைக்கு வந்தது. மெல்லிய கடிகாரங்களை விரும்பிய ஜப்பானில் முதலில் பெரிய வரவேற்பு இல்லை. அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி வீரர் அதைப் பந்துக்குப் பதிலாக மட்டையால் அடிப்பதுபோல் விளம்பரம் செய்தார்கள். இது பொய்யா மெய்யா என்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி சோதித்துப் பார்த்தது, கடிகாரம் உடையவில்லை.

ஓட்டக்காரர்களுக்கென்றே பெயர்பெற்றது 1986இல் வந்த டைமெக்ஸ் அயன்மேன். ஹவாய்த் தீவின் நீச்சல், மிதிவண்டி, ஓட்டப் போட்டியின் பெயரைத் தாங்கிய இது, 8 சுற்றுகளின் நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டது. பெரிய பொத்தான்கள், ரப்பர் போன்ற பட்டை, குறைந்த விலை. பேட்டரி தீர்ந்தால் எந்தக் கடிகாரக் கடையிலும் பின்மூடியைத் திறந்து ஒரு பட்டன் செல்லை மாற்றிவிடலாம். அக்காலத்தில் விற்பனைக்குப் பிந்தைய சேவை என்பது பெரும்பாலும் அவ்வளவுதான். அதைச் செய்யக் கடிகாரம் தயாரித்த நிறுவனம் தேவையில்லை. பேருந்து நிலையத்தருகே கண்ணில் லென்ஸ் வைத்து உட்கார்ந்திருக்கும் கடைக்காரர் போதும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதில் விளங்கும்.

மார்புப் பட்டை தந்த பாடம்

பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகப் பேராசிரியர் செப்போ சைனாயகாங்கஸ் 1977இல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். பனிச்சறுக்கு வீரர்களின் இதயத்துடிப்பைப் பயிற்சியின்போதே அளப்பது அவர் நோக்கம். கம்பியில்லாமல் மார்பிலிருந்து மணிக்கட்டுக்குத் துடிப்பை அனுப்பும் போலார் கருவி 1982இல் வந்தது.

பின்னர் போலார் விற்ற டி31 என்ற மார்புப் பட்டை முழுவதும் அடைத்து மூடப்பட்டது. அதன் பேட்டரியைப் பயனர் மாற்ற முடியாது. 2500 மணி நேரம் ஓடியபின் பட்டையையே மாற்ற வேண்டியதுதான். மூடியே இல்லாததால் தண்ணீர் புகவும் வழியில்லை. அதன்பின் வந்த பட்டைகளில் ஒரு சிறு மூடியும் ரப்பர் வளையமும் வைத்து, பட்டன் செல்லைப் பயனரே மாற்றும்படி செய்தார்கள். இன்றைய எச்10 பட்டையும் அத்தகையதே. அடைத்துவிட்டால் தண்ணீர் போகாது, திறக்க வைத்தால் ஆயுள் நீளும். இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியும் என்று இந்த மூடி காட்டியது. கைக்கடிகாரங்கள் பெரும்பாலும் வேறு வழியில் சென்றன என்பது வருத்தத்துக்குரியது.

செயற்கைக்கோள் வந்தது

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் பொதுமக்களுக்கான சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழைபடுத்தி வைத்திருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தடை நீக்கப்பட்டது. 100 மீட்டர் அளவுக்குத் தவறிய இடக்கணிப்பு அதன்பின் 20 மீட்டருக்குள் வந்தது. ஓடிய தூரத்தை மணிக்கட்டிலேயே அளக்கும் எண்ணம் அப்போதுதான் நடைமுறைக்கு ஏற்றதாயிற்று.

கார்மின் நிறுவனம் 2003இல் போர்ரன்னர் 101, 201 என்ற இரு கருவிகளை அறிமுகப்படுத்தியது. வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 101இல் கடையில் கிடைக்கும் இரண்டு சிறிய டிரிபிள் ஏ பேட்டரிகளைப் போட வேண்டும். 201இல் உள்ளேயே பதித்த லித்தியம் பேட்டரி. சார்ஜ் செய்ய வேண்டும். 201ஐக் கணினியோடு இணைத்து ஓட்டப் பதிவுகளை இறக்கவும் முடிந்தது, அதுவும் அக்காலத்துச் சீரியல் கேபிள் மூலம்.

ஓட்டக்காரர்கள் 201இன் பக்கமே சாய்ந்தார்கள். அது நியாயமும்கூட, தன் ஓட்டத்தைக் கணினியில் வரைபடமாகப் பார்ப்பதன் மகிழ்ச்சியே வேறு. அதன்பின் வந்த ஓட்டக் கடிகாரங்கள் அநேகமாக அனைத்தும் அந்த வழியில் வந்தவைதாம். ஆனால் இன்று அவ்விரு கருவிகளும் ஒரு பெட்டியில் கிடந்து கையில் கிடைத்தால், 101க்குப் பேட்டரி வாங்க மளிகைக் கடைக்குப் போனால் போதும். 201இன் உள் பேட்டரி இருபது வருடத்தில் செத்திருக்கும். அதன் கேபிளைச் செருகக் கணினியில் துளையும் இருக்காது.

பதித்த பேட்டரியின் ஆயுளை மாணவர்கள் ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். லித்தியம் அயனி பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழுச் சுழற்சிகளில் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை முழுதாகத் தீர்ந்து நிரப்பப்படும் கடிகாரத்துக்கு ஆண்டுக்கு 52 சுழற்சி. 500 சுழற்சி ஆக ஒன்பதரை ஆண்டுக்கு மேலாகும். நாள்தோறும் தீர்ந்து நிரம்பும் கடிகாரம் அதே 500ஐ ஒன்றரை ஆண்டுக்குள் எட்டிவிடும். ஒரே வகைப் பேட்டரிதான், பயன்பாடு வேறு. பளிச்சென்ற திரையும் எந்நேரமும் துடிப்பு பார்க்கும் வசதியும் வேண்டுமென்றால், அதன் விலையை ஆயுளில் கட்டுகிறோம். இதோடு வெப்பமும் சேர்கிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கடிகாரத்தை விட்டுப் போவது பேட்டரியை வேகமாக முதுமையடையச் செய்யும்.

வியர்வை செய்யும் வேலை

கடிகாரத்தின் பின்புறம் "5 ஏ.டி.எம்." என்றோ "50 மீட்டர்" என்றோ எழுதியிருக்கும். 50 மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று இதற்குப் பொருளில்லை. அசையாத நிலையில், புதிய கடிகாரம், அந்த ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தை ஆய்வகத்தில் தாங்கியது என்றே பொருள். ஐ.எஸ்.ஓ. 22810 என்ற பன்னாட்டுத் தரம் நீர்த் தாங்குதிறனையும், ஐ.எஸ்.ஓ. 1413 என்பது அதிர்ச்சித் தாங்குதிறனையும் வரையறுக்கின்றன. இரண்டாவது, 1 மீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான மரத்தளத்தில் விழுவதற்கு ஈடான சோதனை. இபேயின் 10 மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எந்தச் சோதனையும் மூன்று வருட வியர்வைக்கு ஈடாகாது. நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் சோப்பு, வெயில் தடுப்புக் களிம்பு, சுடுநீர் ஆகியவற்றால் மெல்ல இறுகி வெடிக்கிறது. வியர்வையின் உப்பு, சார்ஜ் ஏற்றும் உலோகப் புள்ளிகளை அரிக்கிறது. ஈரத்தோடு சார்ஜரில் மாட்டினால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். உயரம் அளக்கும் கடிகாரங்களில் காற்றழுத்தத்தை உணரச் சிறு துளைகள் இருக்கும்; உப்பு படிந்து அவை அடைத்தால் சமதரையில் ஓடியவருக்கும் மலையேறிய கணக்கு வரும். ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, காய்ந்தபின் சார்ஜ் செய்வது இவற்றில் பெரும்பகுதியைத் தடுக்கும். செலவில்லாத இந்தப் பராமரிப்பைப் பலர் செய்வதில்லை.

சர்வரை நம்பிய கடிகாரம்

இனி வருவதே இந்த வரலாற்றின் முக்கியப் பகுதி.

2011இல் நைக்கி நிறுவனம், வரைபடத் துறையில் பெயர்பெற்ற நெதர்லாந்தின் டாம்டாம் நிறுவனத்தோடு சேர்ந்து நைக்கி பிளஸ் ஸ்போர்ட்வாட்ச் ஜிபிஎஸ் என்ற கடிகாரத்தை வெளியிட்டது. பட்டையின் முனையிலேயே யூஎஸ்பி செருகி. தனிக் கேபிள் வேண்டாம். அழகான யோசனை. ஆனால் ஓட்டப் பதிவுகளை இறக்கவும் அமைப்புகளை மாற்றவும் நைக்கி கனெக்ட் என்ற மென்பொருள் வேண்டும்; அது நைக்கியின் சர்வரோடுதான் பேசும். 2018 ஏப்ரல் 30ஆம் நாளுடன் இக்கடிகாரத்துக்கும் தன் பிற அணிகருவிகளுக்கும் தந்த சேவையை நைக்கி நிறுத்திக்கொண்டது. அடுத்த நாள் காலையிலும் கடிகாரம் ஓடியது, தூரத்தைக் காட்டியது; ஆனால் ஓடியதை இறக்கிச் சேர்த்துவைக்கும் வழி மூடப்பட்டது.

டாம்டாம் அதற்கிடையே 2013 முதல் ரன்னர் என்ற பெயரில் சொந்தக் கடிகாரங்களையும் விற்றது. 2017இல் அத்தொழிலிலிருந்து விலகியது. உடனே கைவிடாமல் சில ஆண்டுகள் சேவையைத் தொடர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். 2022 செப்டம்பர் இறுதியில் அதுவும் நின்றது. ஓட்டத் தரவுகளை அதற்குமுன் இறக்கிக்கொள்ளுமாறு பயனர்களிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. அடிடாஸ் நிறுவனத்தின் மைகோச் கதையும் இதைப் போன்றதே. 2013இல் ஸ்மார்ட் ரன் கடிகாரம், 2015இல் ரன்டாஸ்டிக் நிறுவனத்தை வாங்கியது, 2018 முடிவில் மைகோச் மூடல்.

சர்வர் நின்றால் இழப்பது பழைய பதிவுகளை மட்டுமல்ல. ஜிபிஎஸ் கடிகாரம் தன் இடத்தைக் கணிக்க, செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரம் வேண்டும். அதைச் செயற்கைக்கோளே ஒலிபரப்புகிறது. ஆனால் நொடிக்கு 50 பிட் என்ற மிகக் குறைந்த வேகத்தில். ஒரு கோளின் துல்லியப் பாதையைப் பெற ஏறக்குறைய 30 நொடி; எல்லாக் கோள்களின் பொதுப் பட்டியலையும் பெற பன்னிரண்டரை நிமிடம். எனவே நிறுவனங்கள் அடுத்த சில நாட்களுக்கான பாதைக் கணிப்பை இணையத்தில் தயாராக வைத்து, கடிகாரத்துக்கு அனுப்பிவிடுகின்றன. அதனால்தான் புதிய கடிகாரம் தெருவில் இறங்கிய சில நொடிகளில் தயாராகிவிடுகிறது. சர்வர் போனபின் அதே கடிகாரம் வானத்தைப் பார்த்து நிற்கும். ஓட வந்தவரும் கூடவே நிற்க வேண்டும். "பழசாகிவிட்டது" என்று நாம் சொல்வது சில சமயம் கடிகாரத்தின் மூப்பே அல்ல. இந்த உதவி நின்றுபோனதுதான்.

தொழிலில் நிலைத்த நிறுவனத்திடமும் இந்தச் சார்பு ஆபத்தைக் காட்டியது. 2020 ஜூலை 23ஆம் நாள் கார்மின் நிறுவனக் கணினிகளைப் பணயத்தொகை கேட்கும் தீநிரல் தாக்கியது. கார்மின் கனெக்ட் சேவை நாட்கணக்கில் முடங்கியது. வாடிக்கையாளர் உதவி மையமும் சேர்ந்து முடங்கியதால் கேட்கவும் ஆளில்லை. ஆனால் ஒரு நல்ல செய்தி இருந்தது. கடிகாரங்கள் ஓட்டங்களைத் தம்முள்ளேயே பதிந்துகொண்டன. கணினியில் கேபிள் மாட்டி, அந்தக் கோப்புகளை எடுத்து வேறு தளங்களில் ஏற்றியவர்கள் பலர். 2025 ஜனவரி 28இல் நடந்தது இதைவிட விசித்திரமானது. நிறுவனம் அனுப்பிய ஜிபிஎஸ் தரவுக் கோப்பில் இருந்த பிழையால் உலகெங்கும் பல கார்மின் கடிகாரங்கள் நீல முக்கோணத்தைக் காட்டியபடி திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. விரைவிலேயே சரிசெய்தார்கள். கீழே விழாமல், நனையாமல், மேசைமேல் இருந்த கடிகாரம் கெடக்கூடும் என்பதை இபே நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

பிழைத்தவை

நிறுவனம் கைவிட்ட பின்னும் சில கருவிகள் உயிரோடு இருக்கின்றன. அவற்றுக்குப் பொதுவான ஒரு காரணம் உண்டு: பிறர் படிக்கக்கூடிய முறையில் அவை பேசின. போலாரின் 5 கிலோஹெர்ட்ஸ் துடிப்புச் சமிக்ஞையை உடற்பயிற்சிக் கூட ஓடுபொறிகளும் படிக்கக் கற்றுக்கொண்டன. ஆகவே பழைய மார்புப் பட்டை, தன்னோடு விற்ற கடிகாரம் போனபின்னும் அங்கே பயன்பட்டது. ஓட்டத்தை ஜிபிஎக்ஸ், டிசிஎக்ஸ், ஃபிட் போன்ற கோப்புகளாக வெளியே எடுக்க முடிந்தவர்கள் எந்தத் தளம் மூடினாலும் தம் பதிவுகளை இழக்கவில்லை.

பெபிள் என்ற கடிகாரம் ஓட்டத்துக்கென்றே செய்யப்பட்டதல்ல. எனினும் ஓட்டக்காரர்கள் பலர் கட்டினார்கள். 2016 டிசம்பரில் அதன் சொத்துகளை ஃபிட்பிட் வாங்கியது. 2018 ஜூன் இறுதியில் சேவை நின்றபோது, ரெபிள் என்ற பெயரில் பயனர்களே மாற்றுச் சர்வரை நடத்தத் தொடங்கியிருந்தனர். 2025 ஜனவரியில், ஃபிட்பிட்டை வாங்கியிருந்த கூகுள் அதன் இயங்குதள மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டது. வேறொரு வழியை மைக்ரோசாப்ட் காட்டியது. தன் பேண்ட் கருவிக்கான சேவையை 2019 மே 31இல் நிறுத்தியபோது, அதுவரை பயன்படுத்தி வந்தவர்களுக்குப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. என் பார்வையில் இவ்விரண்டில் ஒன்றைச் செய்வது எந்த நிறுவனத்துக்கும் கடமையாக இருக்க வேண்டும்.

உத்தரவாதமும் சட்டமும்

ஓட்டக் கடிகாரங்களுக்கு இந்தியாவில் பெரும்பாலும் ஓராண்டு உத்தரவாதம் தருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் பொருளுக்கு 2 ஆண்டுப் பொறுப்பு 1999ஆம் ஆண்டுச் சட்ட ஆணை முதலே கட்டாயம். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த கடிகாரம் அங்கே இரண்டு வருடம் உத்தரவாதம் பெறுகிறது, இங்கே ஒன்று. உத்தரவாதம் முடிந்தபின் பழுது வந்தால் திறந்து சரிசெய்வது அபூர்வம். ஒரு தொகை வாங்கிக்கொண்டு புதுப்பித்த வேறொரு கடிகாரத்தைக் கொடுப்பதே பல நிறுவனங்களின் வழக்கம். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த கடிகாரத்துக்கு இந்தியச் சேவை மையம் பொறுப்பேற்காமல் போகலாம். வாங்குவதற்குமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அதற்குமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். விலைச்சீட்டு கையில் இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சிட்ட சீட்டு ஓராண்டுக்குள் வெளுத்துவிடும் என்பதால் வாங்கிய அன்றே படமெடுத்து வைப்பது தேவை. மின்னணுப் பொருட்கள் உள்ளிட்ட நான்கு துறைகளுக்காகப் பழுதுபார்க்கும் உரிமை இணையதளத்தை இந்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறை இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. சிறு கருவிகளில் உள்ள பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே நடைமுறைக்கு வருகிறது. நீரில் நனைந்தபடியே பெரும்பாலும் இயங்குவதற்கென்று செய்யப்பட்ட, கழுவக்கூடிய கருவிகளுக்கு ஒரு விலக்கு உண்டு. அவற்றின் பேட்டரியைத் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர் மாற்றும்படி இருந்தால் போதும். ஓட்டக் கடிகாரம் செய்பவர்கள் இந்த விலக்கைக் கோர இடமுண்டு. விலக்கு கிடைத்தாலும், கடிகாரத்தைத் திறந்து பேட்டரி மாற்றும் வேலை மீண்டும் வெளிக் கடைக்காரரின் மேசைக்கு வந்துசேரும்.